‘ஹரு நோ யுகி’ என்ற ஜப்பானியப் படத்தில் நாயகன் கியோவாகி, நாயகி சதோகோ இருவருமே பிரபுக் குடும்பம்தான், பிறகு ஏன் அந்தக் காதலுக்குத் தடை?

தடை குடும்பத்திலிருந்து வரவில்லை, அரண்மனையிலிருந்து வருகிறது. யுகியோ மிஷிமாவின் நாவலை 2005-ல் இஸாவோ யுகிசாதா படமாக்கினார். கதை நடப்பது 1912-ஐ ஒட்டி, மெய்ஜி பேரரசர் இறந்து, அடுத்த பேரரசரின் தைஷோ காலம் தொடங்கும் நேரம்.

கியோவாகியின் குடும்பம் சாமுராய் வழியில் வந்து புதிதாகப் பணமும் பட்டமும் பெற்றது. சதோகோவின் குடும்பம் பழைய அரசவைக் குடும்பம், ஆனால் கையில் காசில்லை. அரசவை நயம் பழகட்டும் என்று கியோவாகியைச் சிறுவயதில் அங்கே வளரவிடுகிறார்கள். ஆக இருவரும் சிறுவயது முதல் பழக்கம். முறைப்படி கேட்டிருந்தால் திருமணம் நடந்திருக்கவும் கூடும்.

அவன் கேட்கவில்லை. வீம்பு. அவள் மனம் தெரிந்தும் விலகியே நிற்கிறான். அதற்குள் ஓர் இளவரசருக்கு அவளை நிச்சயித்து, பேரரசரின் ஒப்புதலும் வந்துவிடுகிறது. அன்றைய ஜப்பானில் அதை மீறுவது இரு வீடுகளையும் தலைகுனிய வைக்கும் குற்றம். அந்த நொடியில்தான் அவனுக்குள் காதல் பற்றிக்கொள்கிறது. எட்டாமல் போனதால்தான் அவளை விரும்பினானா? எனக்கு ஆம் என்றே தோன்றுகிறது. படத்தின் முழு வலியும் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், லீ பிங்-பின்னின் ஒளிப்பதிவுக்காகவாவது பாருங்கள். பனி பெய்யும்போது இருவரும் ரிக்‌ஷாவில் போகும் காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை.