அம்மாவுக்கு வெள்ளைப் பூ

அன்புள்ள ஐயா,

யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து முதல்முறையாக வந்திருக்கிறார். அன்னையர் தினத்துக்காகப் பூக்கடையில் வெள்ளை கார்னேஷன் கொத்து ஒன்றை எடுத்தேன். ஊரில் பிச்சிப்பூ வைக்காமல் வாசல் தாண்டாதவர், வெள்ளைதான் பிடிக்கும் என்று நினைத்தேன். கடைக்கார அம்மா தயங்கித் தயங்கி, "உங்கள் தாயார் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றதும் அதை வாங்கி வைத்துவிட்டுச் சிவப்புக் கொத்தைக் கொடுத்தார். மனசு என்னவோ போலாகிவிட்டது. பூவின் நிறத்துக்கு நிஜமாகவே அர்த்தம் இருக்கிறதா?

ஒரு வாசகர், யோகோஹாமா

அன்புள்ள நண்பருக்கு,

மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா உங்களுக்கு நல்லதுதான் செய்தார். ஜப்பானில் தாய் இருந்தால் சிவப்பு கார்னேஷன், மறைந்துவிட்டால் வெள்ளை.

ஆனால் இந்த வழக்கம் பிறந்த இடத்தில் வெள்ளைதான் அம்மாவின் நிறம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்று ஒரு சிற்றூர். இறந்துபோன தன் தாயின் நினைவாக ஆனா ஜார்விஸ் என்ற பெண், 1908 மே 10 அன்று அங்குள்ள தேவாலய வழிபாட்டுக்கு 500 வெள்ளை கார்னேஷன்களை அனுப்பினார். ஏன் வெள்ளை? அவர் அம்மாவுக்குப் பிடித்த பூ, அவ்வளவுதான். கார்னேஷன் வாடும்போது இதழை உதிர்க்காது, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும், தாயும் அப்படித்தான் என்று பின்னாளில் அவர் சொன்னார். ஊட்டியில் வாங்கிய ஒன்றை என் மேஜையில் டம்ளரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து நாளில் ரம்பப் பல் போன்ற ஓரங்கள் பழுப்பேறி உள்ளே சுருண்டன. மேஜையில் ஓர் இதழ்கூட விழவில்லை.

அப்புறம் அந்த நாள் அன்னையர் தினமாக நாடெங்கும் பரவியது. மே மாதம் வந்தால் வெள்ளைப் பூவுக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறியது. தாய் இருப்பவர் சிவப்பு குத்திக்கொள்ளட்டும், இல்லாதவர் வெள்ளை என்று பூ வியாபாரிகள் பரப்பினார்கள். அதுதான் கடல் தாண்டி உங்கள் கடைவரை வந்திருக்கிறது. இந்த வியாபாரத்தை எதிர்த்தே ஜார்விஸின் மீதி வாழ்நாள் கழிந்தது.

நிறத்துக்கு அர்த்தம் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் வேறு. ஆஸ்திரேலியாவில் மே மாதம் இலையுதிர்காலம், செவ்வந்தி பூக்கும் சமயம். அங்கே அம்மாவுக்கு வெள்ளைச் செவ்வந்தி. அதே பூ ஜப்பானில் சாவு வீட்டுக்குரியது, மறந்தும் வாங்கிவிடாதீர்கள். தாய்லாந்தில் ஆகஸ்ட் 12 அன்னையர் தினம். பிள்ளைகள் அம்மாவுக்குக் கொடுப்பது நம் மல்லிகைதான். அவர்கள் மொழியில் 'மலி'. அந்த வெள்ளையைக் கண்டு அங்கே யாரும் தயங்குவதில்லை. மஞ்சள் என்றால் நட்பு, இளஞ்சிவப்பு என்றால் நன்றி என்ற பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவற்றில் உங்கள் அம்மா இல்லை.

அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் ஒன்று செய்யுங்கள். வசந்தத்தில் ஜப்பானியப் பூக்கடைகளுக்கு 'ஹாகொரோமோ ஜாஸ்மின்' தொட்டிச் செடி வரும். மொட்டு வெளியே இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை, நம் பிச்சி மாதிரியே. ஒன்று வாங்கி பால்கனியில் வையுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். ராத்திரி கதவைத் திறந்ததும் வாசம் வரும், அவரே எழுந்து போய்ப் பார்ப்பார்.