ஐம்பது பவுண்டு ஒப்பந்தம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் பாடலாசிரியர் டோனி மெக்காலே பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அறுபதுகளில் லண்டனில் சோல், பாப் வகைப் பாடல்களால் கொடிகட்டிப் பறந்தவர் பின்னாளில் திரில்லர் நாவல் எழுதப் போனது எனக்குச் சறுக்கலாகவே படுகிறது. பாட்டு வற்றியதும் உரைநடைக்குப் போய்விட்டாரோ? நானும் தனி ஆல்பங்களுக்குப் பாட்டெழுதுகிறேன். ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. இப்போது ஓர் இசை நிறுவனம் மூன்றாண்டு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. அவர் வாழ்க்கையிலிருந்து எனக்கு ஏதாவது தேறுமா?

க., ஈரோடு

அன்புள்ள க,

சறுக்கல் என்று சொல்வது அநியாயம். 1967 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் குழு பாடிய அவர் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டு அங்கே ஏறிய லாங் ஜான் பால்ட்ரியின் பாட்டும் அவருடையதுதான். இரண்டையும் ஜான் மெக்லியடுடன் சேர்ந்து எழுதினார். பத்தாண்டு கழித்து, 1977இல் டேவிட் சோல் பாடிய பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அவர் நாவலுக்கு வந்தது தொண்ணூறுகளில். வற்றிப்போன ஆளின் கணக்கு இது இல்லை.

உங்களுக்குத் தேறுவது அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1966இல், இளம் வயதில், ஷ்ரோடர் என்ற இசைப் பதிப்பகத்தின் அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்தாண்டுக் காலத்தில் அவர் இயற்றும் எல்லாவற்றின் காப்புரிமையும், உலகம் முழுமைக்கும், பதிப்பகத்துக்கே. முன்பணம் 50 பவுண்டு, அதுவும் ராயல்டியில் கழித்துக்கொள்ளப்படும். ராயல்டி மொத்தம் 5,000 பவுண்டைத் தாண்டினால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் ஐந்தாண்டு நீளும். அதாவது, ஜெயித்தால் தண்டனை இரட்டிப்பு! பதிப்பகம் ஒரு மாத நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம், அவர் விலகவே முடியாது. இத்தனைக்கும் ஒரு பாட்டைக்கூட வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கடமை பதிப்பகத்துக்கு இல்லை. அத்தனையையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாலும் அவர் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

மெக்காலே வழக்குப் போட்டார். 1974 அக்டோபரில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீண்ட காலத்துக்கு ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு, அவர் படைப்பைப் பயன்படுத்தும் பொறுப்பை மட்டும் ஏற்காமல் இருப்பது நியாயமற்ற தொழில் தடை என்றார் நீதிபதிகளில் ஒருவரான ரீட் பிரபு. பேரம் பேச வழியே இல்லாதவரிடம் நீட்டப்படும் படிவத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு நீதிபதி டிப்ளாக் பிரபுவின் கருத்து. இங்கிலாந்தில் இசைக் கலைஞர்கள் பலர் பிற்பாடு தொடுத்த ஒப்பந்த வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத்தான் முன்வைத்தார்கள். அவர் எழுதிய எந்தப் பாட்டையும்விட இது பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் நாவல். 1968இல் மைக் டாபோவுடன் அவர் எழுதிய ‘பில்ட் மீ அப் பட்டர்கப்’ பாட்டைக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பல்லவி. ஆசை காட்டிவிட்டுக் கைவிடுகிறாள், ஃபோன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்வதில்லை, அப்படியும் அவள்தான் வேண்டும். சில வரியில் ஆள், காயம், பிடிவாதம் மூன்றும் வந்துவிட்டன. மிச்ச நேரம் முழுக்க அதே நிலைமையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, நமக்கும் அலுப்பதில்லை. பாட்டெழுதுகிறவர்கள் நாவலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் அத்தியாயம் பிரமாதமாக இருக்கும். ஆறாவது அத்தியாயத்திலும் அதே ஏக்கம் வேறு உவமையோடு வரும். எல்லா அத்தியாயமும் கைதட்டலுக்கு நிறுத்தியதுபோல ஒரு வரியில் முடியும்.

மெக்காலே நடுவில் மேடைக்குப் போனார். 1982இல் லண்டன் விக்டோரியா பேலஸில் அரங்கேறிய ‘விண்டி சிட்டி’ இசை நாடகத்துக்கு இசை அவருடையது, நாடக வடிவமும் பாடல் வரிகளும் டிக் வாஸ்பர்க். மேடையில் ஒரு பாட்டு முடியும்போது கதை ஓரடியாவது நகர்ந்திருக்க வேண்டும். நகராத பாட்டை ஒத்திகையிலேயே வெட்டிவிடுவார்கள். பாட்டிலிருந்து கதைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

நின்றுபோன நாவலுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மூன்று கேள்வி: முடிவில் யாருக்குப் புதிதாக என்ன தெரிந்தது, வாசகருக்கு என்ன தெரிந்தது, யார் எதை மறைக்கிறார்? மூன்றுக்கும் போன அத்தியாயத்தின் பதிலே வந்தால் அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிடுங்கள், வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுக்கும் உரிமைக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், அப்படியொரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் ராயல்டிப் பங்கை நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. அதை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பங்கிடும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றித் தரலாம்.

உங்களுக்கென்றே ஒன்று. நம் சட்டத்தில் பாடல் வரிகள் ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகையில் வருகின்றன, நாவலும் அதே வகைதான். ‘ஒப்பந்தக் காலத்தில் எழுதும் எல்லா இலக்கியப் படைப்புகளும்’ என்று ஒரு வரி இருந்தால், பாதியில் நிற்கும் அந்த நாவலும் அவர்களுடையது என்று வாதாட இடமுண்டு. ‘இந்த ஆல்பத்துக்காக எழுதும் பாடல் வரிகள் மட்டும்’ என்று மாற்றி, பாடல்களின் பெயர்களைப் பட்டியலாக இணைக்கச் சொல்லுங்கள்.