வீட்டில் ஒருவருக்குச் சளி, காய்ச்சல்: மாஸ்க் யாருக்கு?

கேள்வி: என் 8 வயது மகனுக்குப் பள்ளியிலிருந்து அடிக்கடி சளி, காய்ச்சல் தொற்றிக்கொள்கிறது. அடுத்த சில நாள்களில் அது எனக்கும் கணவருக்கும் வந்துவிடும். எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால், எங்களுடன் இருக்கும் 72 வயது மாமியாருக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகிறது. சென்ற முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. வீட்டில் மாஸ்க் போட்டால் இதைத் தடுக்க முடியுமா? "கொசுவலையால் மணலைத் தடுக்க முடியுமா? வைரஸ் அதைவிடச் சின்னது" என்கிறார் கணவர். மாமியாருக்கு என்-95 மாஸ்க் வாங்கிப் போட்டுவிட்டால் போதுமா? மூச்சு முட்டாதா?

பதில்: தடுக்க முடியும். முழுமையாக அல்ல, ஆனால் உங்கள் மாமியாருக்கு வித்தியாசம் தெரியும் அளவுக்கு முடியும். அதற்கு மாஸ்க்கை முதலில் போட வேண்டியவர் காய்ச்சல் வந்தவர்தான். அறிகுறி தெரிந்த அன்றே போட வேண்டும். மாமியாருக்கு மட்டும் என்-95 போட்டுவிட்டு மற்றவர்கள் சும்மா இருந்தால், வீட்டிலேயே பலவீனமான நுரையீரல் உள்ளவர் மீது எல்லாச் சுமையையும் ஏற்றியதாகிவிடும்.

முதலில் கணவரின் கொசுவலைக் கணக்கைப் பார்ப்போம். கொரோனா, ஃப்ளூ போன்ற வைரஸ்களின் விட்டம் சுமார் 0.1 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவர் சொல்லும் அளவு சரி. ஆனால் வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் சளி, உப்பு, புரதம் கலந்த திவலைக்குள் இருந்துதான் வருகிறது. திவலை காய்ந்து சுருங்கிய பிறகும் வைரஸைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இன்னொன்று, மாஸ்க் சல்லடைபோல ஓட்டையின் அளவை வைத்து வடிகட்டுவதில்லை. சர்ஜிக்கல் மாஸ்க், என்-95 இரண்டிலும் நடு அடுக்கில் மிக மெல்லிய பாலிபுரோப்பிலின் இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். பெரிய துகள்களால் காற்றோடு சேர்ந்து வளைந்து திரும்ப முடியாது, இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகள்கள் காற்று மூலக்கூறுகளால் இங்கும் அங்கும் தள்ளப்பட்டு அலைந்து, கடைசியில் ஏதோ ஓர் இழையில் போய் ஒட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.3 மைக்ரான் அளவில் இருப்பவைதான் தப்பிக்க அதிக வாய்ப்புள்ளவை. என்-95 மாஸ்க்கைச் சோதிப்பதே ஏறக்குறைய அந்தக் கடினமான அளவுத் துகள்களை வைத்துத்தான். அவற்றில் குறைந்தது 95 சதவீதத்தை நிறுத்தினால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். மிகமிகச் சின்னத் துகள்களையும் அது நன்றாகவே பிடிக்கும்.

துகள்களைப் பிடிக்க உதவுவது இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்னூட்டம். அதனால்தான் என்-95 மாஸ்க்கைத் துவைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ சானிட்டைசரோ தெளிக்கக் கூடாது என்கிறோம். மின்னூட்டம் போய்விடும். பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், வடிகட்டும் திறன் மட்டும் விழுந்திருக்கும். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து மாஸ்க்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

நல்ல மாஸ்க் போட்டும் தொற்று வருவதற்கு முக்கியக் காரணம் விளிம்பில் உள்ள இடைவெளி. காற்று எளிதான வழியைத்தான் தேடும். மூக்கின் இருபுறமும், கன்னத்தருகிலும் இடைவெளி இருந்தால் துணியை விட்டுவிட்டு அதன் வழியாகவே போய்வரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் பொம்மைத் தலைகளை வைத்துச் செய்த சோதனையில், சாதாரணமாக மாட்டிய சர்ஜிக்கல் மாஸ்க் செயற்கை இருமலில் வந்த துகள்களில் சுமார் 56 சதவீதத்தைத்தான் தடுத்தது. அதே வகை மாஸ்க்கின் காதுநாடாவில் முடிச்சிட்டு, பக்க மடிப்பை உள்ளே செருகியபோது 77 சதவீதம் தடுத்தது. சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு மேல் ஒரு துணி மாஸ்க் போட்டு அழுத்தியபோது சுமார் 85 சதவீதம். மாஸ்க்கை மாற்றாமலே, முடிச்சிட்டுக் கசிவை அடைத்ததால் மட்டும் கிடைத்த பலனைப் பாருங்கள்.

அந்த முடிச்சு இப்படி: மாஸ்க்கை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். காதுநாடா மாஸ்க்கோடு சேரும் மூலையை ஒட்டி, ஒவ்வொரு பக்கமும் ஒரு முடிச்சு போடுங்கள். பிறகு விரித்தால் பக்கவாட்டில் சின்னப் பை மாதிரி உப்பும். அதை உள்பக்கமாகத் தட்டையாக மடித்துச் செருகிவிட்டு மாட்டுங்கள். நிறம் உள்ள பக்கம் வெளியே, மூக்குக் கம்பி மேலே, மடிப்புகள் வெளிப்புறம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கம்பியை ஒரு கையால் கிள்ளினால் மூக்குத் தண்டில் கூர்மையாக மடிந்து இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு அழுத்திக்கொண்டே போங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு மூச்சு விடும்போது கண்ணாடி மங்கினால், மேல் விளிம்பு கசிகிறது என்று அர்த்தம்.

என்-95 என்றால், கீழ்நாடா காதுக்குக் கீழே கழுத்தின் பின்புறமும், மேல்நாடா உச்சந்தலையின் பின்பகுதியிலும் இருக்க வேண்டும். இரண்டையும் கழுத்திலேயே விட்டால் மேலே கசியும். மாட்டியதும் இரண்டு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கை மூடி, வேகமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணருகிலோ கன்னத்திலோ காற்று படக் கூடாது. பிறகு இழுங்கள், மாஸ்க் லேசாக உள்வாங்க வேண்டும். காது வளையம் உள்ள வகைகள் பொதுவாக இவ்வளவு இறுக்கமாக உட்காராது. தாடி இருந்தால் எந்த என்-95-உம் சரியாக ஒட்டாது, உங்கள் கணவருக்குத் தாடி இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். முன்பக்கம் வால்வு வைத்த மாஸ்க் நோயாளிக்கு வேண்டாம். அவர் விடும் மூச்சு அதன் வழியாக வடிகட்டப்படாமல் வெளியே போகும்.

நோயாளியின் முகத்தில் மாஸ்க் இருப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு, 2012-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு தெளிவான சான்று. மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தார்கள். மாஸ்க் இல்லாத நாள்களில் அவர்களின் அறைக் காற்றைச் சுவாசித்த 90 கினிப் பன்றிகளில் 69-க்குத் தொற்று வந்தது. மாஸ்க் அணிந்த நாள்களின் காற்றைச் சுவாசித்த 90-இல் 36-க்கு வந்தது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கே தொற்றைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்திருக்கிறது. மீதி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சமூகத்தில் நடத்திய ஆய்வுகளைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைக் கொண்டு நடந்த கொரோனா ஆய்வில், மாஸ்க் போடுபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் கூடினார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று சுமார் 11 சதவீதமும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 35 சதவீதமும் குறைந்தது. துணி மாஸ்க்கில் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. டென்மார்க்கில் 2020-இல் நடந்த ஆய்வில் மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதத்துக்கும், மற்றவர்களில் 2.1 சதவீதத்துக்கும் தொற்று வந்தது. இதை வைத்துப் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது போட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை மட்டும்தான், அவரால் மற்றவர்களுக்குப் பரவுவது குறைந்ததா என்பதைப் பார்க்கவில்லை. சொன்னபடி முழுமையாகப் போட்டவர்களும் பாதிக்குக் குறைவு. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தபோது 'மாஸ்க் பயனற்றது என நிரூபணம்' என்று செய்தி பரவியது. அது தவறான விளக்கம் என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்தத் தொகுப்பு சொன்னது, மக்களை மாஸ்க் போடச் சொல்வதால் தொற்று குறைகிறதா என்பதில் முடிவு தெளிவாக இல்லை என்பதுதான்.

உங்கள் வீட்டுக்கு இவற்றையெல்லாம்விடப் பொருத்தமானது ஹாங்காங்கில் ஃப்ளூ நோயாளிகளின் குடும்பங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு. மொத்தமாகப் பார்த்தபோது உறுதியான பலன் இல்லை. ஆனால் அறிகுறி தொடங்கிய 36 மணி நேரத்துக்குள் மாஸ்க்கும் கை கழுவுதலும் தொடங்கிய வீடுகளில் பரவல் குறைந்தது. ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, முதல் மூன்று நான்கு நாள்களில் உச்சத்தில் இருக்கும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று ஒரு நாள் தள்ளினால் தடுக்கக்கூடிய நேரத்தில் பெரும்பகுதி போய்விடும்.

எனவே மகனுக்குத் தொண்டை கரகரத்த உடனேயே சிறுவர் அளவு சர்ஜிக்கல் மாஸ்க்கைப் போட்டுவிடுங்கள். பெரியவர் அளவு மாஸ்க் குழந்தை முகத்தில் தொளதொளவென்று நிற்கும், பயன் குறையும். விழித்திருக்கும்போது, பாட்டி இருக்கும் அறைக்கோ பொது இடத்துக்கோ வரும்போது போட்டால் போதும். தூங்கும்போது வேண்டாம். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும், தானாக மாஸ்க்கைக் கழற்றத் தெரியாதவர்களுக்கும் எப்போதும் போடக் கூடாது. அவனைக் கவனிக்கும் நீங்கள் என்-95 போடுங்கள். அவனிடமிருந்து நேராக மாமியாரிடம் போகும்போதும் போட்டபடியே போங்கள். உங்களுக்குள் தொற்று ஏற்கெனவே வந்திருக்கலாம், தெரியாமலிருக்கலாம்.

பலர் செய்யும் தவறு, இருமல் வரும்போது மாஸ்க்கை இறக்கிவிட்டு இருமுவது. மாஸ்க் மிகவும் தேவைப்படும் நொடியே அதுதான். உள்ளேயே இருமிவிட்டு, ஈரமானால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்குக்குக் கீழே போட்டாலும், தாடைக்கு இறக்கி மறுபடி ஏற்றினாலும் பயனில்லை. கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்துக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். சர்ஜிக்கல் மாஸ்க்கை ஒரு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். என்-95-ஐக் காகித உறையில் காற்றாட வைத்து மறுபடி பயன்படுத்தலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் மருத்துவமனைகளுக்கே 5 முறை மாட்டுவதுவரை என்ற வரம்பு சொல்லப்பட்டது. அதை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாடா தளர்ந்தாலோ, நனைந்தாலோ, மூச்சு இழுக்கக் கடினமானாலோ அதற்கு முன்பே எறிந்துவிட வேண்டும்.

எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றும் இடம் சாப்பாட்டு நேரம். அங்கேதான் நாள் முழுக்கப் போட்டதெல்லாம் வீணாகிறது. காய்ச்சல் உள்ளவர் தனியாக, தன் அறையில் சாப்பிடட்டும். அந்த அறைக் கதவு மூடியும் சன்னல் திறந்தும் இருக்கட்டும். முடிந்தால் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றைச் சன்னலில் வையுங்கள். ஸ்பிளிட் ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும், வெளிக்காற்றைக் கொண்டுவராது.

இனி மாமியாருக்கு. ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் மாஸ்க் வழியாகத் தடையின்றிப் போய்வரும். ஆரோக்கியமானவர்களுக்கு ஆக்ஸிஜன் குறையாது. ஆனால் என்-95 வழியாக மூச்சை இழுக்கச் சற்றுக் கூடுதல் உழைப்பு வேண்டும். சமதளத்தில் சில நிமிடம் நடந்தாலே இளைத்து நிற்கும் அளவுக்கு சி.ஓ.பி.டி. முற்றியவர்களுக்கு அது தாங்காது. அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில், உட்கார்ந்த நிலையில் 10 நிமிடம் போட்டு, விரலில் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். வழக்கமான அளவைவிட 3, 4 குறைந்தாலோ, தலைவலி, மயக்கம், கூடுதல் மூச்சிரைப்பு வந்தாலோ கழற்றிவிடுங்கள். அப்படிப்பட்டவருக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போதும், மற்றவர்கள் கட்டாயம் போட வேண்டும். ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் என்றால், அவரைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவரைக் கேட்காமல் என்-95 போட வேண்டாம். நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கத் தரும் கருவி) பிடிக்கும்போது அவரால் மாஸ்க் போட முடியாது. அந்த நேரத்தில் சன்னலைத் திறந்து வைத்து, அருகில் இருப்பவர் மட்டும் என்-95 அணிந்திருந்தால் போதும்.

எவ்வளவு நாள்? மருந்து இல்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகி, மற்ற அறிகுறிகளும் குறையும்வரை கட்டாயம். அதன் பிறகு மாமியாருக்காக இன்னும் 5 நாள் தொடருங்கள். டெங்கு, டைபாய்டு போன்றவற்றுக்கு மாஸ்க் பயன்படாது, அவை பரவும் வழி வேறு.

மாமியாருக்கு ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும், நிமோகாக்கல் (நிமோனியாவைத் தடுக்கும்) தடுப்பூசி மருத்துவர் சொல்லும்படி போடப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது அவருக்கு நல்லது. இத்தனைக்கும் மீறி அவருக்குக் காய்ச்சல் வந்தால், இரண்டு நாள் காத்திருக்காமல் முதல் நாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும். ஆக்ஸிமீட்டர் 88-க்குக் கீழே இறங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு முழுதாக வராமல் இளைத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூக்கக் கலக்கமோ குழப்பமோ தெரிந்தாலோ, எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.