பட்டம் இருக்கிறது, நேர்காணலுக்கு அழைப்பில்லை

தம்பி, இயற்பியல் பட்டத்தோடு பினாங்கின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பித்தும் அழைப்பே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஒட்டியிருந்த விண்ணப்பத்தில் படித்த பாடங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. கடைசி ஆண்டு ஆய்வுக்கு, மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியில் அளந்ததை எங்கோ அடியில் ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே! அதை மேலே கொண்டு வாருங்கள்: எதை அளந்தீர்கள், அளவு பிசகியபோது காரணத்தை எப்படிப் பிடித்தீர்கள். 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்த காலத்திலிருந்தே இங்கே சிப் பொருத்துவதும் சோதிப்பதும் பெரிய வேலை. நேர்காணலில் நீங்கள் அளந்ததையும் காரணம் பிடித்ததையும்தான் குடைவார்கள். அப்புறம், மலேசியச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்துவிடுங்கள், இலவசம்தான். வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்றீர்கள். சரி, அந்த ஆசிலோஸ்கோப் கதையை மட்டும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.