செடியைப் பார்க்காமல் மூலிகை படிப்பது – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவர் விழுங்கும் மாத்திரைகளைப் பார்த்துப் பார்த்து, மூலிகை மருத்துவத்தை முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. மூன்று மாத இணையவழி டிப்ளமோவில் சேரலாமா, அல்லது வேலையை விட்டுவிட்டு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படிக்க முயல வேண்டுமா? இப்போதைக்குச் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிக் கொடுக்கிறேன். மூலிகையில் பக்கவிளைவு கிடையாது என்பதால் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். ஆங்கில மருத்துவம் நம் மருத்துவத்தைத் திட்டமிட்டு அழித்தது பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூலிகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெருகிய அளவுக்குச் செடியைப் பார்த்தவர்கள் பெருகவில்லை என்ற வருத்தம் சில காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் அதைத் தொட்டுவிட்டதால் உடனே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் மாத்திரை. அதை நிறுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. பெற்ற தாயின் உடலை வைத்துப் பாடம் படிக்க நினைப்பது அன்பு ஆகாது, அது அறியாமையின் துணிச்சல். சிறுகுறிஞ்சான் சாதாரணமான இலை என்று நினைக்கிறீர்களா? பச்சை இலை ஒன்றை மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பு முற்றிலும் மறைந்து மணலைத் தின்பது போலிருக்கும். நாக்கிலேயே இவ்வளவு செய்யக்கூடிய இலை, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோடு சேரும்போது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு உண்டு. சுக்கின் தோலைச் சீவாமலும் கடுக்காயின் கொட்டையை நீக்காமலும் பயன்படுத்தக் கூடாது என்று நம் முன்னோர் சுத்தி முறை, அதாவது மருந்துப் பொருளின் கெடுதலை நீக்கும் முறை வகுத்தது எதற்காக? மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்தப் பொடியைப் பற்றி இன்றே சொல்லுங்கள்.

மூன்று மாத டிப்ளமோ உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் தகுதியைத் தராது. பி.எஸ்.எம்.எஸ். என்பது பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. நீட் எழுத வேண்டும், பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். 1964 முதல் நடந்துவரும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நேரில் போய் விசாரியுங்கள். யார் எதை அழித்தார்கள் என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு செடியைக்கூட அடையாளம் காண முடியாது.

அடையாளம் காண்பதுதான் முதல் பாடம். என் தாய்மாமா பரம்பரை வைத்தியர். காமாலை கண்ட பிள்ளைகளுக்காக ஊர்ப் பெண்கள் வாய்க்கால் வரப்பிலிருந்து கீழாநெல்லியைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கி வருவார்கள். மாமா கட்டை அவிழ்த்துத் திண்ணையில் பரப்பி ஒவ்வொரு செடியையும் திருப்பிப் பார்ப்பார். கிளையின் அடியில் காய்கள் சிறு காம்போடு வரிசையாகத் தொங்கி, தடவினால் வழவழப்பாக இருந்தால் அது கீழாநெல்லி, ஒரு பக்கம் போகும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, விரலுக்குச் சொரசொரத்தால் மறுபக்கம் போகும். இலையின் அடி ஆப்புப் போலக் குறுகிய மேலாநெல்லியைத் தனியே எடுத்து வைப்பார். எந்த இடத்தில் பிடுங்கியது, சாக்கடை ஓரமா, வயல் ஓரமா என்று கேட்ட பிறகே அரைக்கச் சொல்வார். சிறுவனான என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, காயை விரலால் தடவி இனம் சொல்லச் செய்வார். அவர் எனக்கு ஒரு மருந்துகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று எனக்குத் தெரிந்த சொற்பமும் அந்த விரல் நுனிப் பழக்கத்தில் தொடங்கியது.

இந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பெல்ஜியத்தைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைக்குச் சென்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. மாத்திரையில் இருக்க வேண்டியது ஸ்டெபானியா என்ற சீன மூலிகை. பொடியில் இருந்ததோ அரிஸ்டோலோக்கியா. சீனப் பெயர்கள் நெருக்கமானவை, இரண்டும் பொடியாகவே கைமாறியவை. பாதிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கும் மேல். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்று போன அவர்களில் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தத் தாவரக் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. கரிசல் காட்டில் படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையும், வேலியில் ஏறும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியாக்களே. கெடுதல் உடனே தெரிவதில்லை, சிறுநீரகம் ஓசையில்லாமல் சுருங்கும். இவற்றை ‘பூச்சிக்கு நல்லது, விஷத்துக்கு நல்லது’ என்று கைபேசிக் காணொளிகளில் சிபாரிசு செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

நாட்டு மருந்துக் கடையில் அசோகப் பட்டை கேட்டால், பள்ளிக்கூட வாசலில் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் பட்டையும் கிடைக்கக்கூடும். நீங்கள் அம்மாவுக்கு வாங்கிய பொட்டலத்தில் சிறுகுறிஞ்சான்தான் இருக்கிறது என்பதற்கு உங்களிடம் என்ன சான்று? பொடியாகிவிட்ட பிறகு நுண்ணோக்கியும் வேதியியல் சோதனையும் இல்லாமல் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குச் சென்னையில் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும் விளைந்த நிலமும் வேறுபட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அந்த விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் மாமாவின் திண்ணை எனக்கு நினைவுக்கு வரும். நம்மவர்களோ முதல் ஆய்வை மட்டும் இன்றுவரை மேடைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாதிச் செய்தியைச் சொல்லி மரபைக் காப்பாற்ற முடியாது.

நீங்கள் இருக்கும் பெங்களூரிலேயே, யெலஹங்கா பக்கம், எப்.ஆர்.எல்.எச்.டி. என்ற மரபு மருத்துவ ஆய்வு அமைப்பு தொடங்கி வளர்த்த மூலிகைத் தோட்டமும் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. அனுமதி கேட்டு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் ஊருக்குப் போகும்போது வரப்பில் முளைத்திருக்கும் நெல்லி வகைகளை வேரோடு எடுத்து, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள். இடம், தேதி, மண்ணின் தன்மை, அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பெண் பூவின் அடியில் இருக்கும் புல்லி இதழ்களை லென்ஸில் எண்ணிப் பாருங்கள். கீழாநெல்லியில் ஐந்தும், அதைப் போலவே தோன்றும் இன்னொரு செடியில் ஆறும் இருக்கும். அந்தத் தாள்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். பூவும் காயும் இல்லாத செடியை மட்டும் அனுப்ப வேண்டாம்.