பிளாட்டினம்னு போட்டா வெக்கை அடிக்காதா?

கேள்வி: சார், தாம்பரம் பக்கம் கட்டிக்கிட்டு இருக்கற அபார்ட்மெண்ட்ல ஒரு பிளாட் பாத்திருக்கோம். 'கிரீன் பில்டிங், பிளாட்டினம் ரேட்டிங்'னு நோட்டீஸ்ல போட்டிருக்காங்க, சதுர அடி ரேட்டும் கூட. நெசமாவே வீட்டுக்குள்ள வெக்கை கம்மியா இருக்குமா? (சேலையூர் வாசகி)

பதில்: இன்னும் கட்டியே முடிக்கலைன்னா அது அநேகமா ப்ரீ-சர்ட்டிபிகேட்டா இருக்கும்மா, அதாவது பிளானை வச்சு குடுக்கறது, கட்டி முடிச்சு கணக்கு காட்டினப்புறம் வர்றதுதான் பைனல் ரேட்டிங், அதனால எதுன்னு கேட்டு பேப்பரை வாங்கிப் பாருங்க. அப்புறம் அந்த மார்க்கு தண்ணி, குப்பை, கட்டுமானப் பொருள், கரண்ட்டுன்னு எல்லாத்துக்கும் சேத்து போடறது. வெக்கை அதுல ஒரு பகுதிதான்.

உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்றது 2018ல மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதாங்கற வீடு கட்டறதுக்கான விதித் தொகுப்பு. சுவர் ஜன்னல் வழியா உள்ள வர்ற சூடு சராசரியா சதுர மீட்டருக்கு 15 வாட்டை தாண்டக்கூடாது, மொட்டை மாடியோட யு-வேல்யூ, அதாவது சூட்டை எவ்வளவு சுலபமா உள்ள விடுதுங்கற அளவு, 1.2க்கு மேல போகக்கூடாதுன்னு அதுல இருக்கு (வெறும் கான்கிரீட் தளம் இதுக்கு கிட்டயே வராது, டாப் ப்ளோர்னா மேல இன்சுலேஷன் என்ன போடறாங்கன்னு கண்டிப்பா கேளுங்க). எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது ஜன்னல் கணக்கு. சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு கார்பெட் ஏரியால (சுவருக்கு உள்ள புழங்கற தரை அளவு) 16.66 சதவீதம், ஆறுல ஒரு பங்கு, திறக்கற மாதிரி இருக்கணும். ஏன்னா இங்க காத்து வந்தாதான் வேர்வை காயும். கார்பெட் ஏரியா 720 சதுர அடின்னா 120 சதுர அடி, பால்கனி கதவும் இதுல சேத்தி. ஆனா ஸ்லைடிங் ஜன்னல்னா பாதிதான் திறக்கும், அதனால பாதியத்தான் கணக்குல எடுக்கணும், டேப்பை எடுத்துட்டுப் போயி மாடல் பிளாட்ல நீங்களே அளந்து பாத்துடுங்கம்மா.

கேள்வி: ஐயா, சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு இஞ்சினியர் சொல்றாரு, மேஸ்திரி வேண்டாங்கறாரு. யார் பேச்சைக் கேக்கறது? (திருச்சி வாசகர்)

பதில்: இஞ்சினியர் சொல்றது சரி. சுண்ணாம்புக்கல்லை சுட்டு, சிமெண்டா அரைக்கற கிளிங்கர் கட்டியா ஆக்கும்போது எரிக்கற கரியில இருந்து மட்டும் இல்ல, கல்லுல இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது, அதனால கிளிங்கரை குறைச்சாதான் வழி. பிபிசில கிளிங்கருக்கு பதிலா 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் அனல் மின் நிலையத்து சாம்பலை சேக்கலாம்னு ஐ.எஸ். 1489ங்கற இந்திய தர விதி சொல்லுது.

மேஸ்திரி பயப்படறதுலயும் விஷயம் இருக்கு. பிபிசி மெதுவாத்தான் இறுகும், சீக்கிரம் சென்ட்ரிங்கை பிரிச்சா ஆபத்து. ஐ.எஸ். 456 படி சாதா சிமெண்டுக்கு குறைஞ்சது 7 நாள் க்யூரிங்னா இதுக்கு 10 நாள், நம்ம வெயிலுக்கு 14 நாள் தண்ணி விடுங்க. தளத்துல பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, தூணுக்கு சாக்கு சுத்தி காய விடாம நனைங்க.