கிணற்றடியில் சொன்ன கதை

கேள்வி:

நான் திருகோணமலை நகரில் வசிக்கும் ஆவணப்பட இயக்குநர். வயது 38. சம்பூருக்குத் திரும்பி வந்த பெண்களைப் பற்றி நான்கு வருடமாக ஒரு படம் எடுத்தேன். அதில் ஓர் அக்கா தன் பழைய கிணற்றடியில் நின்று, காணி எல்லைப் பிரச்சினையில் கூடப்பிறந்த தம்பி செய்ததையெல்லாம் அழுதழுது சொன்னார். படத்தின் உயிரே அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறார். இப்போது, "மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கு, தம்பியோட ராசியாகிட்டம், அதை எடுத்துவிடு பிள்ளை" என்கிறார். படம் ஒரு வெளிநாட்டு விழாவுக்குத் தெரிவாகிவிட்டது. வீட்டிலும் நிம்மதியில்லை. "ஊரார் கிணறெல்லாம் உனக்குத் தெரியும், எங்கட வீட்டுத் தண்ணி மோட்டர் பழுதாகி ஒரு கிழமையானது தெரியாது" என்கிறார் கணவர். பத்து வயது மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில், "சனிக்கிழமைகளில் என் அம்மா சம்பூரில் இருப்பார்" என்று எழுதியிருக்கிறாள். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கச்சி,

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எடுத்துவிடுங்கள். படம் உடைந்துபோகும் என்றாலும் எடுத்துவிடுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை உங்களோடு ஆறுதலாகக் கதைக்கலாம்.

அந்த அக்கா கேட்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் கிழக்கில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். 2006இல் போருக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடிய சம்பூர்ச் சனம், 2015இலும் 2016இலும் காணிகள் விடுபட்டபோது திரும்பி வந்தது. வேலி இல்லை, வீடு இல்லை. கிணற்றையும் மிஞ்சி நின்ற மரத்தையும் பார்த்துத்தான் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு முழம் நிலத்துக்கு அக்காவும் தம்பியும் சண்டை பிடித்தது பேராசையால் அல்ல. பத்து வருடம் முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் கிடந்தவர்களுக்கு அந்த இரண்டு முழம்தான் கைக்கு எட்டிய ஊர். இன்று அந்தத் தம்பி தாய்மாமனாகக் கலியாண வீட்டில் முன்னுக்கு நிற்கப் போகிறார். அக்கா அழுத காட்சியைச் சபையில் ஒருவர் போனில் காட்டினால் போதும், ஆறிய புண் திரும்பவும் திறந்துவிடும்.

கையெழுத்து இருக்கிறது என்கிறீர்கள். அது அன்றைய மனுசி வைத்த கையெழுத்து. அன்றைக்கு அவருக்குத் தம்பி இல்லை, இன்றைக்கு இருக்கிறார். படிவத்தைக் காட்டி அவரை மடக்கலாம். ஆனால் அதன் பிறகு அந்த ஊரில் ஒரு பெண்ணும் உங்களுக்கு முன்னால் மனம் திறந்து கதைக்க மாட்டார்.

முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றிப் போடலாமா என்ற எண்ணமும் வந்திருக்கும். அது சரிவராது. இளவயதில் நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தாயின் கதையைப் பெயர் மாற்றிப் போட்டேன். ஊர்ப் பெயரையும் மாற்றினேன். ஆனால் அவர் வீட்டு வாசலில் நின்ற இரட்டைப் பனையை அப்படியே எழுதிவிட்டேன். ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்த முறை போனபோது கதவைத் திறந்தார், தேத்தண்ணி தந்தார், ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அந்தத் தேத்தண்ணியின் கசப்பு இன்னும் எனக்குத் தெரியும். சம்பூரில் கிணற்றைக் கண்டாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள், தங்கச்சி.

உங்கள் தொழிலில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையிலிருந்து கொலின் லோ என்ற இயக்குநர் ஃபோகோ தீவுக்குப் போனார். மீன் பிடித்துப் பிழைக்கும் தீவு. சனத்தை வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு அடிபட்ட காலம். ஒரு பெரிய படம் எடுக்காமல் இருபத்தேழு சின்னப் படங்களாக எடுத்தார். அவற்றை முதலில் அந்தத் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்றதை வெட்டிவிடும் உரிமை பேசியவர்களுக்கு இருந்தது. ஊருக்கு ஊர் கதையாமல் இருந்தவர்கள் மற்ற ஊர்க்காரரின் கஷ்டத்தைத் திரையில் பார்த்தார்கள். பிறகுதான் அரசாங்கத்துக்குப் படம் போனது. அந்தத் தீவு கலைக்கப்படவில்லை, மீனவர் கூட்டுறவுச் சங்கமும் உருவானது. படத்தை யாருக்கு முதலில் காட்டுவது என்பதுதான் அங்கே பெரிய விசயம். உங்கள் கடிதத்தில் விழா வருகிறது. சம்பூரில் எப்போது காட்டப் போகிறீர்கள் என்ற வரி வரவில்லை.

விழாக்காரருக்கு இன்றைக்கே எழுதுங்கள். படத்தில் பேசியவர் ஒரு பகுதியை மீளப் பெற்றுக்கொண்டார், மாற்றிய பிரதி அனுப்புகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் படத்தைத் திருப்பி எடுங்கள். வலிக்கும், தெரியும். நான்கு வருட உழைப்பு.

அப்புறம் சம்பூருக்குப் போங்கள், கமரா இல்லாமல். அழுத பகுதி மட்டும் வேண்டாமா, அல்லது கிணற்றைத் தேடி நடந்ததும் வேண்டாமா என்று அக்காவிடம் கேளுங்கள். கேட்கலாம், பேரம் பேசக் கூடாது. விழாவின் பெயரை அங்கே எடுக்கவே வேண்டாம். வெட்டிய பகுதி உங்கள் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும்தானே, அதை அழிப்பதா வைத்திருப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். திருத்திய படத்தை அந்தப் பெண்களுக்கு மட்டும் முதலில் ஒரு வீட்டுக்குள் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு ஒரு பின்னேரம் வெள்ளைத் துணி கட்டி ஊருக்குக் காட்டுங்கள்.

அந்தப் பயணத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்வேன். நான்கு வருடச் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டது எந்த ஊர் என்று அவள் பார்க்கட்டும். போகும் வழியில் பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது, 2009க்கு முன்னால் இந்தத் தண்ணீரைப் படகுப்பாதையில்தான் கடந்தார்கள் என்று சொல்லுங்கள். அந்த அக்கா தன் வீட்டையும் வாழ்க்கையையும் உங்களுக்குத் திறந்து காட்டியவர். உங்கள் பிள்ளையின் முகத்தை அவர் இன்னும் பார்த்ததில்லை என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணவரின் கோபத்தை மோட்டர் பற்றிய கோபமாக மட்டும் நான் வாசிக்கவில்லை. பகலில் ஊரில் அழுகையைக் கேட்கிறீர்கள், இரவில் காதில் ஹெட்போனை மாட்டி அதே அழுகையை எடிட்டிங்கில் இருபது முறை கேட்கிறீர்கள். அப்புறம் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது உங்களிடம் சொல் இருக்காது. அந்த மௌனத்தை அவர் வேறு விதமாக விளங்கியிருப்பார். யாருடைய கதையையும் அவரிடம் சொல்ல வேண்டாம். கேட்டுக் கேட்டு நெஞ்சு பாரமாகிவிட்டது என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். ஒரு பின்னேரம் டச் பே கடற்கரையில் இரண்டு பேரும் கச்சான் கொறித்துக்கொண்டு நடந்தால் போதும், மேசையில் வராத பேச்சு அங்கே வரும். எடிட்டிங் கணினியையும் படுக்கையறையில் வைத்திருந்தால் வெளியே எடுங்கள்.

கலியாணத்துக்கு உங்களுக்குக் கட்டாயம் அழைப்பு வரும். குடும்பமாகப் போங்கள். "பிள்ளை, நீதான் படம் எடுக்கத் தெரிஞ்ச ஆள், ரெண்டு படம் எடு" என்று அக்கா கேட்டால், அன்றைக்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.